இடது கைக்கு ஒரு சைஸ் பெரிது

என் இடது கையை மூன்று இடங்களில் அளப்பேன். மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்கு நான்கு விரல் கீழே ஒன்று, நான்கு விரல் மேலே ஒன்று. பிறகு அதே மூன்று இடங்களை வலது கையிலும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். இதற்கென்றே ஒரு தையல் நாடா குளியலறையில் ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். வாரத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும் என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். நான் தினமும் அளந்தேன், சில நாள் இரண்டு தடவை. அளக்காமல் கிளம்பிவிட்டால் கம்பெனி பஸ்ஸில் என்னால் உட்கார முடியாது. ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன், பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவைத் திருப்பி வைப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தவள், "அக்கா, உங்களுக்கு என்ன எறும்பு ஏறிடுச்சா?" என்பாள்.

அளப்பதுதான் என் பிழைப்பும். ஓசூரில் இருசக்கர வண்டிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். எங்கள் மேஜையில் கேஜ் என்று ஓர் இரும்புத் துண்டு உண்டு. அதன் ஒரு முனை பாகத்தின் துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். நுழையவில்லை என்றால் அழுத்தாதே. அழுத்தினால் கேஜும் போச்சு, பீஸும் போச்சு. தருமபுரி, சேலம், தேனி என்று எங்கிருந்து வந்தாலும் எல்லோருக்கும் இதே பாடம். இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவள் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

மூன்று வருடத்துக்கு முன்பு எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. பெங்களூரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மார்போடு சேர்த்து அக்குளில் இருந்த, நோடு என்று அவர்கள் சொல்லும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். தையல் பிரித்த பிறகு ஒரு பிசியோதெரபிப் பெண் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கன்னடக்காரப் பெண், தமிழும் வந்தது.

"அம்மா, நீங்க எந்தூரு?"

"ஓசூர்."

"அப்ப ஈஸியா புரியும். அத்திப்பள்ளி பார்டர்ல ரோட்டுல பாதிய மூடிட்டா எப்படி இருக்கும்? அதுதான் உங்க கை. உள்ள இருக்கிற நீர் திரும்பிப் போற வழியில பாதி இல்ல. சாதாரண நாள்ல எப்படியோ போயிடும். கையில ஒரு காயம், ஒரு கொப்புளம், கிருமி ஏதாவது உள்ள போச்சுன்னா நீர் ஜாஸ்தி சேரும், அங்கேயே நின்னுடும். கை வீங்கும். ஒரு தடவ நல்லா வீங்கிட்டா பழையபடி கொண்டு வர்றது ரொம்பக் கஷ்டம்மா."

எனக்கு அது புரிந்ததைப் போல வேறு எதுவும் புரிந்ததில்லை. என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். கர்நாடகத்துக்குள் நுழையும் அந்த பார்டரில் அவர் நின்ற நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு கல்யாணமே செய்து குடும்பம் நடத்தியிருக்கலாம் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இடது கை என் கை போலவே இல்லை, யாரோ பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருள் போல ஆகிவிட்டது. அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றக் கூடாது. வாட்ச் வலது கைக்கு மாறியது. பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை, வெயிலில் முழுக்கை, கொசு கடித்தால் சொறியாமல் மருந்து. இறுக்கமான வளையல், மோதிரம் எதுவும் கூடாது. சொன்ன பயிற்சிகளைக் காலையில் சுவரோரம் நின்று செய்வேன், விரலால் சுவரில் நடந்து மேலே போவது மாதிரி ஒன்று. கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். உள்ளே கிருமிநாசினி, பஞ்சு, கட்டுத்துணி. எங்காவது கீறினால் உடனே சோப்பு போட்டுக் கழுவி மருந்து தடவ வேண்டும், பிறகு கண்காணிக்க வேண்டும். சிவந்தாலோ சூடு தெரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டர். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் இவ்வளவும் எங்கள் மூன்று பேருக்குள்தான். நான், என் கணவர், எங்கள் ஒரே மகள். ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். எங்கள் பக்கம் கர்ப்பப்பையை எடுத்தாச்சு என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள், கேட்பவளுக்கே அது இருக்காது. முடி கொட்டியதற்குத் திருப்பதி இருந்தது. மகளுக்குக் கல்யாணம் அமையணும் என்று வேண்டிக்கொண்டு மொட்டை போட்டேன் என்றேன். எல்லோரும் பக்தியாகத் தலையை ஆட்டினார்கள். பெருமாள் என் பொய்க்கு நல்ல துணை.

மறைத்தது மகளுக்காகத்தான். "அம்மாக்காரிக்கே அந்த நோய், நாளைக்குப் பொண்ணுக்கு வந்தா?" என்று ஒரு வாய் கேட்டால் போதும், ஒரு வரனும் வாசலை மிதிக்காது என்று பயந்தேன். என் மகள் அப்போதே சொன்னாள், "சொல்லிடும்மா. இதுக்காக வேணான்னு போறவங்க போகட்டும்." நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். கீமோ முடிந்து தலையில் முடி நகக்கண் அளவு முளைத்திருந்த சமயம் மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குப் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை, வீட்டில் மாந்தோப்பும் கொஞ்சம் நிலமும். பெண் பார்க்க வந்த அன்று புருவம் இல்லாத நெற்றியில் பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு நான்தான் காப்பி கலந்தேன். அடுப்படியில் வேர்த்துக் கொட்டியது. வந்தவர்களில் பையனின் அம்மா என் முகத்தை ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்துவிட்டு, "காப்பி நல்லா இருக்குதுங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

கல்யாணம் நடந்தது. இந்த வருடம் மகளுக்கு ஏழாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் வளைகாப்பு. ஏழு வகைச் சோறும் பூவும் தட்டுகளுமாக வேனில் போய், வளையல் அடுக்கி, மகளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக ஒரு சின்னப் பை எடுத்துக்கொண்டேன். மருந்து டப்பா பழைய பையோடு வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே நான்கு வார்த்தை திட்டத் தோன்றுகிறது.

அவர்கள் வழக்கத்தில் ஒரு விஷயம் இருந்தது, எனக்குத் தெரியாது. பெண்ணுக்கு வளையல் போடுவதற்கு முன்னால் பெற்றவள் இரண்டு கையிலும் வளையல் போட்டுக்கொண்டு, அந்தக் கையால்தான் முதல் வளையலை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். வளையல்காரர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழில் பேசினார். என்னைப் பாயில் உட்காரச் சொல்லி எதிரே பெட்டியைத் திறந்தார்.

"அக்கா, என்ன சைஸு? ரெண்டு ஆறா, ரெண்டு எட்டா?"

வலது கைக்கு ரெண்டு ஆறு. இடது கைக்கு ரெண்டு எட்டு. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை எப்போதும் ஒரு பொடி பருமன்தான். ஒரு கைக்கு ஒன்று, மறு கைக்கு ஒன்று என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சுற்றிலும் நாற்பது பெண்கள்.

"ரெண்டு ஆறு" என்றேன்.

வலது கையில் அலுங்காமல் ஏறியது. இடது கையில் கட்டைவிரல் மூட்டில் நின்றது. அவர் என் விரல்களைக் கூட்டிப் பிடித்து அமுக்கினார்.

"கைய லூசா விடுங்கக்கா. இது கையா, கல்லா?"

பெண்கள் சிரித்தார்கள். சம்பந்தியம்மா பின்னாலிருந்து, "மிஷினு புடிச்ச கையி, அப்படித்தான் இருக்கும். சோப்புத் தண்ணி போட்டு ஏத்துப்பா" என்றார். யாரோ சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். எதிரே நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்த என் மகள் என்னையே பார்த்தாள். அவள் வாய் திறக்கப் போனது தெரிந்தது. ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டாள்.

நுழையாததை அழுத்தாதே என்று பத்தொன்பது வருடம் சொன்னவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வளையல் உடைந்தது. கட்டைவிரலுக்குக் கீழே சுருக்கென்றது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் முகங்கள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். வளையல்காரருக்கும் தெரிந்திருந்தது. சட்டென்று துண்டுகளைத் தன் துணிக்குள் தள்ளிவிட்டு, பெரிய சைஸில் இரண்டை எடுத்து மாட்டி, "ஆச்சுக்கா, ஆச்சு" என்றார். நான் முந்தானையைக் கைமேல் இழுத்து விட்டுக்கொண்டேன். பிறகு சந்தனம் பூச வந்தார்கள். ஒரே கிண்ணம், பத்துப் பதினைந்து பேர் விரல்கள். என் இரண்டு கையிலும் வழித்துப் பூசினார்கள். சந்தனத்துக்கு அடியில் இரத்தம் கசிந்து அது ரோஜா நிறமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே மகளுக்கு முதல் வளையலை எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் பூசி முடித்து, ஆரத்தி எடுத்து, என்னால் எழுந்திருக்க முடிந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மோட்டார் கொட்டகைக் குழாயில் சோப்பு கேட்டுக் கழுவினேன். கீறல் அரை விரல் நீளம்கூட இல்லை.

வேன் கிருஷ்ணகிரியைத் தாண்டியது. சூளகிரிக்கு முன்னால் மகள் ஆரம்பித்தாள்.

"இடது கையில வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா என்னம்மா ஆயிடும்?"

"ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

"உன் வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு நீ பேசாத."

வேனை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மருந்து போட்டேன், கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தேன், இறக்கினேன், எழுந்து நடந்தேன், நாடாவை எடுத்தேன். கூடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். டீ நேரத்தில் கழிப்பறையில் அளந்தேன், சாப்பாட்டு நேரத்தில் அளந்தேன். மாலையில் கீறலைச் சுற்றி லேசான சூடு. வெயிலாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன், கம்பெனிக்குள் எங்கே வெயில்? செவ்வாய்க்கிழமை காலையில் மணிக்கட்டுக்கு மேலே சிவப்பு பரவியிருந்தது. பேனாவால் அதன் ஓரத்தைக் கோடு போட்டுவிட்டுக் குளித்தேன். குளித்து, சமைத்து முடித்துப் பார்த்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. நாடா வைத்தேன். முழங்கைக்கு நான்கு விரல் கீழே இருபத்தேழு சென்டிமீட்டர். வலது கையில் இருபத்தைந்தரை. கை ஈரத்துணி மாதிரி கனத்தது.

பெங்களூருக்குப் போன் செய்தேன். அதே பிசியோதெரபிப் பெண்.

"இன்னிக்கே பக்கத்துல டாக்டர பாருங்க. நாளைக்குன்னு வேண்டவே வேண்டாம். தேய்க்காதீங்க, எண்ணெ போடாதீங்க, இறுக்கிக் கட்டவும் கட்டாதீங்க. டாக்டர்கிட்ட நோடு எடுத்த கைன்னு மொதல்ல சொல்லுங்க."

சரி என்று போனை வைத்தேன். ஆனால் அன்று வளைகாப்பின் மூன்றாம் நாள், அதற்காகவே லீவு போட்டிருந்தேன். மருமகளைப் பார்க்கச் சம்பந்தியம்மா பலகாரத்தோடு மத்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார். வந்து, சாப்பிட்டு, கிளம்பியதும் போய்க்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பைத்தியக்காரி. இதை எழுதும்போது எனக்கு என் மேல் வரும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் பதினொரு மணிக்கு வந்தார். முழுக்கை ரவிக்கையில் நான் காப்பி கலந்தேன். உடம்பு நடுங்கியது, காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. டம்ளரை நீட்டியபோது பாதி தட்டில் கொட்டியது. மகள் சோபாவிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்தது எரிச்சல்தான். சண்டைக்குப் போகிறவள் மாதிரி சம்பந்தியம்மா முன்னால் நின்று கையை மேலே சுருட்டிக் காட்டினேன்.

"எனக்குக் கேன்சர் இருந்ததுங்க சம்மந்தி. கர்ப்பப்பை இல்ல, மார்புல. இந்தக் கையில காயம் படக் கூடாது, பட்டுடுச்சு. திருப்பதி மொட்டையும் பொய்யி. சொல்லாம கல்யாணம் பண்ணிட்டேன். இப்ப என்ன வேணா சொல்லுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தை, அன்று பெண் பார்க்க வந்தபோது பார்த்த அதே மாதிரி பார்த்தார்.

"நானும் திருப்பதியில மூணு மொட்ட போட்டிருக்கறேன். புருவத்த அங்க யாரும் எடுக்கறதில்லைங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி உங்களுக்கு ஒரு பக்கத்துப் புருவம் வேர்வையில அழிஞ்சி கன்னத்துக்கு வந்திருந்தது. எங்க நாத்தனாருக்கு இதே வைத்தியம் பண்ணப்ப அவளுக்கும் அப்படித்தான் உதுந்தது. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா பண்ணீங்க?"

"பொண்ணு புடிச்சிருந்தது. உங்களயா கட்டிக்கினு போறோம்?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் நான் ஒளித்து வைத்திருந்ததை இந்த அம்மா முதல் நாளே முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறார். அவர் என் கையை எடுத்தார். சிவந்த இடத்தைத் தொடாமல் விரலுக்கு அடியில் தாங்கிப் பிடித்தார். குரல் மாறிப் போயிருந்தது.

"நோயி தெரியும் சம்மந்தி. கையி தெரியாது. நாத்தனா ரொம்ப நாளு இல்ல, இதெல்லாம் பாக்கறதுக்கு. தெரிஞ்சிருந்தா ஒரு கையி போதும்னு நானே சொல்லியிருப்பேன். சோப்புத் தண்ணி போட்டு ஏத்துன்னு என் வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்களே."

அவர் கண்ணில் நீர் நின்றது. அப்போதுதான் நான் அழுதேன்.

ஆட்டோவில் அவர்தான் கூட வந்தார். என்ன செய்யலாம், என்ன கூடாது என்று வழி நெடுக விசாரித்துக்கொண்டே வந்தார். கிளினிக்கில் நர்ஸ் பழக்கத்தில் பிரஷர் பட்டையை எடுத்துக்கொண்டு இடது பக்கம் வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தக் கையில கூடாதும்மா, நோடு எடுத்த கை" என்று அதட்டினார். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கியது, ஆனால் பட்டை வலது பக்கம் போனது. டாக்டர் அன்றே ஊசி மருந்தை ஆரம்பித்தார், பிறகு மாத்திரைகள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. சிவப்பு மெதுவாகப் பேனாக் கோட்டுக்குள் திரும்பி, பிறகு மங்கியது. வீக்கம் மட்டும் போகவில்லை.

தொற்று ஆறிய பிறகு பெங்களூரில் கைக்கு அளவெடுத்து இறுக்கமான துணி உறை கொடுத்தார்கள். வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டும். மணிக்கட்டிலிருந்து தோளுக்குக் கீழே வரை ஏறும் அதை முதல் நாள் லைனில் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு பேர் கேட்டார்கள், சொன்னேன். மூன்றாவதாக ஒருத்தி கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் அருகே வந்து உட்கார்ந்து, தன் அக்காவுக்கு எங்கே காட்டலாம் என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் சம்பந்தியம்மா மகளைப் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றியதும் முதல் கேள்வி மகளிடம் இல்லை.

"எங்க, அந்த நாடாவ எடுங்க."

குளியலறைக்குப் போய் ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தேன். கூடத்தில், வாசல் கதவு திறந்திருக்க, என் கணவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கையை நீட்டச் சொன்னார். முழங்கைக்குக் கீழே நான்கு விரல் வைத்து, நாடாவை இறுக்காமல் சுற்றி, கண்ணைச் சுருக்கி எண்ணைத் தேடினார். இந்த எண்ணை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, மகளுக்குக்கூட.

"இருபத்தாறரை" என்றார், எதிர் வீட்டுக்கே கேட்கும்படி. "அன்னிக்கி எவ்ளோ?"

"இருபத்தேழு."

"நல்ல கையி?"

"இருபத்தஞ்சரை."

அவர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார்.

"அப்ப இன்னும் ஒண்ணு நிக்குது."

"நிக்குதுங்க" என்றேன்.